நாற்பத்தைந்தா, ஐம்பதா? பெரிய காலிபர் பிஸ்டல் பற்றி ஓர் எளிய விளக்கம்

டெக்சாஸுக்கு வேலைக்கு வந்த புதிதில், சனிக்கிழமை பிரியாணிக்குக் கூடும் நண்பர் வீட்டில் ஒரு பேச்சு அடிக்கடி வரும். இருப்பதிலேயே சிறந்த பெரிய பிஸ்டல் எது? ஒருவர் யோசிக்காமல் "டெசர்ட் ஈகிள்" என்பார். இன்னொருவர் ".45 பட்டால் ஆள் பத்தடி தள்ளிப் போய் விழுவான்" என்பார். மூன்றாமவர் பிஸ்டலையும் ரிவால்வரையும் ஒன்றாகவே வைத்துப் பேசுவார். சினிமாவிலும் வீடியோ கேமிலும் பார்த்ததை வைத்துப் பேசுவதுதான் எல்லாம். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சுடும் பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகுதான், நான் படித்த இயந்திரப் பொறியியல் முழுக்க அந்த ஒரு கிலோ இரும்புக்குள் இருப்பது தெரிந்தது.

இது பெரும்பாலும் அமெரிக்காவின் விஷயம். இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டலே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. உரிமம் உள்ளவர்களிடம் இருக்கும் பிஸ்டல் பெரும்பாலும் .32 தான். அதனால் தமிழில் இதைப் பற்றிப் பேசும்போது நேரடி அனுபவம் குறைவாகவும் கற்பனை அதிகமாகவும் இருக்கிறது. அடியிலிருந்து தொடங்குவோம்.

காலிபர்: பைப் சைஸ் மாதிரி

பிளம்பரிடம் "முக்கால் இன்ச் பைப்" என்று சொல்கிறோம். அந்த முக்கால் இன்ச் குழாயின் அகலத்தை மட்டும்தான் சொல்கிறது. தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பது மாடியில் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

காலிபரும் அப்படித்தான். துப்பாக்கிக் குழலின் உள் விட்டம், அதாவது அதில் போகும் குண்டின் தோராயமான அகலம், அதுதான் காலிபர். .45 என்றால் ஓர் இன்ச்சில் நூற்றுக்கு 45 பங்கு, 11.43 மி.மீ. .50 என்றால் அரை இன்ச், 12.7 மி.மீ. செய்திகளில் அடிக்கடி வரும் 9 எம்.எம். இன்ச் கணக்கில் ஏறத்தாழ .355.

பெயரில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. .44 மேக்னம் என்ற தோட்டாவின் குண்டு உண்மையில் .429 இன்ச் தான். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்று இரண்டு தோட்டாக்கள் உண்டு. பெயரைப் பார்த்தால் .38 பெரியது என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் குண்டின் அகலம் ஒன்றே. 1935-இல் வந்த .357 மேக்னம், 1898-இல் வந்த .38 ஸ்பெஷலின் கூட்டைக் கொஞ்சம் நீட்டி, மிக அதிக அழுத்தத்தில் சுடும்படி செய்தது. அகலம் மாறவில்லை, பலம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, பின்புறம் அதைப் பற்றவைக்கும் சிறிய பிரைமர், முன்னால் செருகிய உலோகக் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும், அதை வெளியேற்ற வேண்டும். இது பிறகு முக்கியமாக வரும்.

எந்த அளவிலிருந்து "பெரிய காலிபர்"? சட்டப் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. அமெரிக்காவில் பொதுவாக .40-உம் அதற்கு மேலும் இருப்பவற்றை அப்படிச் சொல்வார்கள். இங்கே நானும் அதையே பின்பற்றுகிறேன்.

இதுவரை: காலிபர் அகலத்தைச் சொல்லும். பலத்தைத் தீர்மானிப்பது குண்டின் எடையும் அது போகும் வேகமும்.

செமி ஆட்டோமேட்டிக்: காலிங் பெல் இரண்டு வகை

சில வீட்டு காலிங் பெல்லை ஒரு தடவை அழுத்தினால் "டிங் டாங்" என்று ஒரு முறைதான் அடிக்கும். கையை எடுக்காமல் நின்றாலும் மறுபடி அடிக்காது. சில வீடுகளில் பழைய பஸ்ஸர் இருக்கும். விரல் இருக்கும்வரை அலறிக்கொண்டே இருக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் முதல் வகை. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானாக ஏற்றி வைத்துக்கொள்ளும், ஆனால் சுடாது. மறுபடி சுட விரலைத் தளர்த்தி மறுபடி இழுக்க வேண்டும். விரலை எடுக்கும்வரை சுட்டுக்கொண்டே இருப்பதுதான் முழுத் தானியங்கி. பல பிஸ்டல்களின் பெயரில் "ஆட்டோமேட்டிக்" என்று இருப்பதால் இந்தக் குழப்பம். நூறு வருஷத்துக்கு முன் அந்தச் சொல்லுக்குத் "தானாக ஏற்றிக்கொள்ளும்" என்றுதான் பொருள்.

ரிவால்வர் வேறு சாதி. அதில் ஐந்தாறு தோட்டாக்கள் ஓர் உருளைக்குள் இருக்கும். விசையோ சுத்தியலோ இழுக்கப்படும்போது உருளை சுழலும். சுட்டதன் சக்தி எதுவும் அடுத்த தோட்டாவை ஏற்றப் பயன்படுவதில்லை. செமி ஆட்டோ பிஸ்டலில் அந்தச் சக்தியில் ஒரு பகுதிதான் எல்லா வேலையையும் செய்கிறது.

உள்ளே நடப்பது: இட்லிப் பானையும் பிரஷர் குக்கரும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தோட்டா வெடித்தவுடன் வாயு எல்லாப் பக்கமும் தள்ளும். முன்னால் குண்டைத் தள்ளும், பின்னால் காலிக் கூட்டைத் தள்ளும். கூட்டின் பின்புறத்தை மூடிப் பிடித்திருப்பது ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேற்பகுதியில் முன்னும் பின்னும் ஓடும் கனமான இரும்புத் துண்டு. அது பின்னுக்குப் போய்க் காலிக் கூட்டை வெளியே எறிய வேண்டும், திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ள வேண்டும். மேகசின் என்பது கைப்பிடிக்குள் செருகும் பெட்டி; அடியில் ஸ்பிரிங், மேலே வரிசையாகத் தோட்டாக்கள்.

சிக்கல் எங்கே என்றால், நேரத்தில். குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே பின்கதவு திறந்தால், அந்த அழுத்தத்தில் மெல்லிய பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு கையை நோக்கிப் பாயும். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கும்வரை கதவு மூடியிருக்க வேண்டும்.

சின்னத் தோட்டாக்களுக்கு எளிய வழி இருக்கிறது. இட்லிப் பானை மூடி ஆவியில் தூக்காமல் இருக்க மேலே ஒரு கனத்தை வைப்பது போல, ஸ்லைடைக் கனமாகச் செய்துவிடுவது. கனமான பொருள் நகரத் தொடங்கவே நேரம் ஆகும், அதற்குள் குண்டு போய்விடும். இதற்கு புளோபேக் என்று பெயர். .32 போன்ற சின்ன பிஸ்டல்கள் பல இப்படித்தான். .45-இலும் இந்த வழியில் ஹை பாயின்ட் என்ற அமெரிக்க நிறுவனம் பிஸ்டல் செய்கிறது. அதன் ஸ்லைடு பார்க்கவே செங்கல் மாதிரி இருக்கும்.

பெரிய தோட்டாவுக்கு நல்ல வழி, குக்கர் மூடி. குக்கரில் மூடியைக் கனத்தால் பிடிப்பதில்லை, பூட்டிவிடுகிறோம். அழுத்தம் இறங்கிய பிறகே திறக்கும். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் பிறந்த ஜான் பிரவுனிங் செய்தது இதுதான். அவருடைய .45 பிஸ்டலில் குழலின் மேல் சில மேடுகள் இருக்கும். அவை ஸ்லைடின் உட்புறக் குழிகளில் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாகப் பூட்டும். சுட்டவுடன் குழலும் ஸ்லைடும் சேர்ந்தே பின்னுக்கு நகரும், ஆறேழு மில்லிமீட்டர் மட்டும். அதற்குள் குண்டு வெளியேறிவிடும். அப்புறம் குழலுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன இணைப்புத் துண்டு குழலின் பின்பகுதியைக் கீழே இழுக்கும். மேடுகள் குழியிலிருந்து விடுபடும். குழல் நின்றுவிட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னுக்கு ஓடிக் கூட்டை எறிந்து, ஸ்பிரிங்கை அழுத்தி, அதே ஸ்பிரிங் தள்ள முன்னுக்குத் திரும்பி, புதுத் தோட்டாவை ஏற்றிப் பூட்டிக்கொள்ளும். இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தச் சாய்ந்து பூட்டும் யோசனையைத்தான், சிறு மாற்றங்களோடு, இன்றைய பெரிய பிஸ்டல்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன.

இதிலிருந்து புதியவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்லைடு பின்னுக்கு ஓட, கீழே இருக்கும் சட்டம், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பகுதி, அசையாமல் நிற்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பிடித்திருப்பது உங்கள் கை. மணிக்கட்டைத் தளர்வாக வைத்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னுக்குப் போகும். ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, கூடு நடுவில் சிக்கும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைப்போம். பல நேரம் பிடிதான் காரணம். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் ஆனது.

"பத்தடி தள்ளி விழுவான்": கிரிக்கெட் பந்தின் கணக்கு

சரி, .45 பட்டால் ஆள் பறப்பானா? பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ளும் அளவை உந்தம் என்போம்: எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது. .45-இன் வழக்கமான குண்டு சுமார் 15 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 255 மீட்டர். பெருக்கினால் 3.8 வருகிறது. இப்போது 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உந்தம் 6.2. விக்கெட் கீப்பர் அதைப் பிடித்துவிட்டு நிற்கிறார், பறந்து போவதில்லை.

70 கிலோ எடையுள்ள ஒருவரை .45 குண்டு தள்ளும் வேகம் நொடிக்கு ஐந்தரை சென்டிமீட்டர்தான் வரும். இன்னொரு வழியிலும் பார்க்கலாம். குண்டு முன்னால் எவ்வளவு தள்ளப்படுகிறதோ அவ்வளவு துப்பாக்கியும் பின்னால் தள்ளப்படும். பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் பின்னுக்குப் போவது போல. இதுதான் பின்னுதைப்பு. பட்டவரைப் பத்தடி தள்ளும் குண்டு, சுட்டவரையும் பத்தடி தள்ளியிருக்க வேண்டும்.

அப்படியானால் குண்டு ஏன் உயிரைப் பறிக்கிறது? பந்தின் ஆற்றல் சுமார் 120 ஜூல்; .45 குண்டின் ஆற்றல் சுமார் 480 ஜூல். அவ்வளவும் கட்டைவிரல் நகத்தை விடச் சின்ன இடத்தில் இறங்குகிறது. அது தள்ளுவதில்லை, துளைக்கிறது.

இந்தக் கணக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. 9 மி.மீ. குண்டு சுமார் 8 கிராம், நொடிக்கு 350 மீட்டர் அளவில் போகும். அதன் ஆற்றல் 490 ஜூல். .45-உம் 9 மி.மீ.-உம் ஆற்றலில் ஏறத்தாழ ஒன்றுதான்! ஒன்று கனமாகவும் அகலமாகவும் மெதுவாகவும் போகிறது, இன்னொன்று லேசாகவும் வேகமாகவும் போகிறது. .45-இன் முகப்புப் பரப்பு அறுபது சதவீதம் அதிகம். அதன் வேகம் ஒலியை விடக் குறைவு என்பதால், சத்தம் குறைக்கும் கருவி மாட்டும்போது குண்டு காற்றைக் கிழிக்கும் "படார்" ஒலியும் இல்லை. இவை உண்மையான வித்தியாசங்கள். "இரண்டு மடங்கு பலம்" என்பது உண்மையில்லை.

.45-க்கு அந்தப் புகழ் எப்படி வந்தது

1899-இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் போரிலும் அதன் பின் தெற்கு பிலிப்பைன்ஸின் மோரோ மக்களோடு நடந்த சண்டைகளிலும், அமெரிக்கப் படை .38 ரிவால்வர் வைத்திருந்தது. பல குண்டு பட்டும் எதிரி நிற்காமல் வந்தார் என்று படையினர் புகார் சொன்னார்கள். 1904-இல் ராணுவ அதிகாரி தாம்ப்சன், மருத்துவப் பிரிவைச் சேர்ந்த மேஜர் லாகார்ட் இருவரும் சிகாகோவின் கால்நடைத் தொழுவங்களில் மாடுகளைச் சுட்டும், மனிதச் சடலங்களைச் சுட்டும் சோதித்தார்கள். .45-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். இன்றைய அளவுகோலில் அது மிகவும் கரடுமுரடான சோதனை. சுடப்பட்ட மாடுகள் பல உடனே விழவே இல்லை. ஆனால் அந்தப் பரிந்துரைதான் பிரவுனிங்கின் பிஸ்டலுக்கு வழி திறந்தது. 6,000 தோட்டாக்கள் சுட்ட சோதனையில் அது ஒரு முறைகூடச் சிக்கவில்லை. 1911 மார்ச் 29-இல் அமெரிக்க ராணுவம் அதை ஏற்றது. பெயரே எம்1911 ஆனது. 1985-இல் 9 மி.மீ. பெரெட்டா வரும்வரை அதுவே ராணுவத்தின் பிஸ்டல்.

பெரிதாக்கிப் பார்த்த எப்.பி.ஐ.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையன் மீது பட்ட 9 மி.மீ. குண்டு, கை வழியாக நெஞ்சுக்குள் போய் இதயத்துக்குச் சற்று முன் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான்.

அதன் பிறகு எப்.பி.ஐ. குண்டுகளை, உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிகளில் சுட்டு அளக்கத் தொடங்கியது. குறைந்தது 12 இன்ச் ஆழம் போக வேண்டும் என்பது விதி. கொஞ்ச காலம் 10 மி.மீ. தோட்டாவை எடுத்தார்கள். 1983-இல் வந்த அதன் முதல் வடிவத்தில் 13 கிராம் குண்டு நொடிக்கு 365 மீட்டர் போகும், அதாவது 860 ஜூல். .45-ஐ விட ஒல்லி, ஆற்றலோ ஏறக்குறைய 1.8 மடங்கு. காலிபர் பலத்தைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உதை அதிகம். வெடிமருந்தைக் குறைத்துப் போட்டார்கள். குறைத்துப் போடுவதென்றால் கூடு இவ்வளவு நீளம் எதற்கு என்று 1990-இல் குட்டையான .40 எஸ்.அண்ட்.டபிள்யூ. (ஸ்மித் அண்ட் வெஸன்) தோட்டா வந்தது. நாட்டின் காவல் துறைகள் பல அதற்கு மாறின. 2014-இல் எப்.பி.ஐ.-யின் பயிற்சிப் பிரிவு, நவீன குண்டுகளோடு 9 மி.மீ. போதும் என்று காரணம் காட்டி எழுதியது. உதை குறைவு, அதனால் அதிகாரிகள் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள், மேகசினில் தோட்டாவும் அதிகம் பிடிக்கும்.

இந்தக் கதையின் சாரம்: குண்டு எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, இவை இரண்டும்தான் முதல் கேள்விகள். அகலம் அப்புறம்தான்.

டெசர்ட் ஈகிள் ஏன் தனி

மின்னசோட்டாவின் மேக்னம் ரிசர்ச் நிறுவனமும் இஸ்ரேலின் ஆயுதத் தொழிற்சாலையும் 1980-களில் கொண்டுவந்த இந்தப் பிஸ்டல், ரிவால்வரின் .44 மேக்னம் போன்ற தோட்டாக்களைச் செமி ஆட்டோவில் போட முயன்றது. அந்தத் தோட்டா 4 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம். மேகசின் கைப்பிடிக்குள் இருப்பதால், நீளமான தோட்டாவுக்கு ஆழமான கைப்பிடி வேண்டும். சின்னக் கைக்காரர்களின் விரல் விசையை எட்டவே சிரமப்படும்.

பூட்டுவதற்கு இதில் குழல் சாய்வதில்லை. குழல் அசையாமல் நிற்கும். அதிலிருக்கும் சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு பிரிந்து, குழலுக்கு அடியில் முன்பக்கம் போய், ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது ஸ்லைடைத் தள்ள, பூட்டும் பகுதி சுழன்று திறக்கும். பிஸ்டலில் அரிது, ராணுவ ரைபிள்களில் வழக்கமானது. மேலுறை இல்லாத ஈயக் குண்டு போட்டால் அந்தத் துளை அடைத்துக்கொள்ளும், அதனால் போடக் கூடாது.

இதில் போடும் .50 தோட்டாவில் குண்டு 19 கிராமுக்கு மேல், வேகம் நொடிக்கு 450 மீட்டர், ஆற்றல் 1,950 ஜூலுக்கு மேல். இவ்வளவையும் தாங்கத் துப்பாக்கியே 2 கிலோ. எம்1911 1.1 கிலோ. குண்டை மட்டும் கணக்கிட்டாலே, கையில் இறங்கும் உதையின் ஆற்றல் .45-ஐப் போல மூன்று மடங்கு. பொறியியலாக எனக்கு மிகுந்த மரியாதை. இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிய ஏற்ற பொருள் அல்ல.

எனக்குப் பிடித்தது எப்படி முடிவானது

எதற்கு என்று முதலில் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கரடி உலவும் காடுகளுக்குப் போகிறவர்களுக்கு 10 மி.மீ. அர்த்தமுள்ளது. கிரீன்லாந்தில் நாய்ச்சறுக்கு வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை, துருவக் கரடிகளுக்காக கிளாக் 20 என்ற 10 மி.மீ. பிஸ்டலை வைத்திருக்கிறது. .45-இல் தோட்டா எண்ணிக்கை வேண்டுமென்றால் 13 பிடிக்கும் கிளாக் 21 உண்டு, ஆனால் கைப்பிடி தடிமன்.

அடுத்து கை. கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் குனிந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒழுங்கான பிடியோடு விரல் நுனி விசையில் இயல்பாக உட்கார்கிறதா, ஐந்தாவது குண்டும் முதல் குண்டு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் படுகிறதா என்று வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நான் அப்படி ஒரே மாலையில் மூன்றைச் சுட்டேன். டெசர்ட் ஈகிளில் முதல் குண்டு நடுவில் பட்டது. இரண்டாவதிலிருந்து என் கண் தானாக மூடிக்கொண்டது, ஐந்தாவது தாளின் ஓரத்தில் இருந்தது. 10 மி.மீ. பரவாயில்லை, ஆனால் இரண்டு மேகசினில் மணிக்கட்டு களைத்தது. எம்1911-இன் உதை சுள்ளென்று வராமல் தள்ளுவது போல வந்தது. அதன் தோட்டாவில் அழுத்தம் 9 மி.மீ.-ஐ விட மிகக் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். மேகசின் ஒல்லி, ஏழு தோட்டாதான், அதனால் கைப்பிடியும் என் கைக்கு அடங்கியது. விசை நேராகப் பின்னுக்கு, மிகக் குறைந்த தூரம் நகர்கிறது. ஏழு குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் இருந்தன. அடுத்த மாதம் வாங்கியது அதைத்தான். வீட்டுக்கு வந்ததும் முதலில் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அதைப் பிரித்து அந்தச் சின்ன இணைப்புத் துண்டை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.